ஒயில் லைற் எரிந்தால்…



தீவகத்தில் கணவனை இழந்த சில குடும்பங்களுக்கு முற்றத்தில் நிற்கும் பழைய கார்தான் பிழைப்பு. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் போன்ற கார்கள். கலியாண வீட்டுக்கும், ஆஸ்பத்திரிக்கும், நயினை நாகபூசணி அம்மன் திருவிழாக் காலத்தில் குறிகட்டுவான் இறங்குதுறைக்கும் வாடகைக்கு ஓடுகின்றன. சாரதிக்குக் கூலி கொடுத்து மிஞ்சுவதில்தான் பிள்ளைகளின் படிப்பு நடக்கிறது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. இப்படிப்பட்ட காலத்தில் ஓடுகிற கார் ஒன்று பெரிய சொத்து. அதனால் இம்மாதம் காரைப் பற்றியே எழுதுகிறேன்.

வேலணைப் பக்கத்தில் நான் பணி நிமித்தம் சந்திக்கும் சகோதரி ஒருவரின் காரில், ஓடும்போது டாஷ்போட்டில் உள்ள ஒயில் லைற் எரியத் தொடங்கியது. "பல்பைக் கழற்றி விட்டால் சரி அக்கா" என்றார் சாரதி. கராஜ் ஒன்றில் "எஞ்சினை இறக்கிப் பிரிக்க வேணும்" என்றார்கள். அவர் சங்கிலியை அடகு வைக்க ஆயத்தமானார். இருவரும் இருந்து கதைத்தபின் அவர் கராஜில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஒயில் அழுத்தத்தை மானி பூட்டி அளந்து பார்த்தீங்களோ?" பார்க்கவில்லை. வேறொரு மெக்கானிக் அளந்தார். அழுத்தம் சரியாகவே இருந்தது. பழுதானது எஞ்சின் அல்ல, அழுத்தத்தை உணரும் சிறிய சென்சர். 'ஒயில் சுவிச்' என்றும் சொல்வார்கள்.

அது வேலை செய்யும் விதம் எளியது. எஞ்சினில் திருகிப் பூட்டப்பட்ட அந்தச் சுவிச்சுக்குள் மெல்லிய தகடு ஒன்று உண்டு. எஞ்சின் நிற்கும்போது அழுத்தம் இல்லை, மின்சுற்று மூடியிருக்கும், லைற் எரியும். ஸ்ரார்ட் ஆனதும் ஒயில் அந்தத் தகட்டைத் தள்ள, சுற்றுத் திறந்து லைற் அணையும். ஆகவே சாவியைத் திருப்பியதும் லைற் எரிய வேண்டும், ஸ்ரார்ட் ஆகிச் சில செக்கனில் அணைய வேண்டும். சாவியைத் திருப்பியும் எரியாவிட்டால் அதுவும் பழுதுதான். பல்ப் போயிருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம், சுவிச்சும் பழுதாகியிருக்கலாம்.

ஓடும்போது லைற் எரிந்தால் உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். சிறிது நேரம் கழித்து ஒயில் கோலை இழுத்து மட்டத்தைப் பாருங்கள். மட்டம் சரியென்றாலும் காரை ஓட்ட வேண்டாம். சுவிச்சிலிருந்து வயரைக் கழற்றி, எங்கும் படாமல் வைத்து, ஸ்ரார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பச் சொல்லுங்கள். அப்படியும் லைற் எரிந்தால் வயரின் காவலி உரிந்து எங்கோ இரும்பில் படுகிறது. அணைந்தால் ஒன்றில் சுவிச் பழுது, அல்லது உண்மையிலேயே அழுத்தம் குறைவு. எது என்று மானிதான் சொல்லும். சுவிச்சைக் கழற்றிய துவாரத்திலேயே மானியைப் பூட்டி அளக்கலாம்.

நம் பகுதியில் இரண்டுக்கும் இடமுண்டு. பண்ணைப் பாலம் தாண்டினால் இருபுறமும் கடல். உப்புக்காற்று வயர் முனைகளையும் சுவிச்சையும் அரித்துவிடும். மறுபுறம், 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக் கார்கள் சிறிது பெற்றோலில் ஸ்ரார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடியதை மறந்திருக்க மாட்டீர்கள். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி ஒயிலோடு கலந்தால் ஒயில் நீர்த்துப்போகும், பாகங்கள் தேயும். அந்தக் காலத்தைக் கடந்து வந்த எஞ்சினில் லைற் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். பல்பைக் கழற்றினால் எஞ்சின் போகும். அளக்காமல் எஞ்சினைப் பிரித்தால் கையில் உள்ள காசு போகும்.

சுவிச் மாற்றுவது பெரிய வேலையல்ல. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பழைய சுவிச்சைக் கடைக்குக் கொண்டுபோய் அதே புரியுள்ளதை வாங்க வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கக் கூடாது. வயர் முனையைச் சுத்தமாக்கிப் பூட்டி, ஸ்ரார்ட் செய்து, லைற் அணைகிறதா, ஒயில் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கழற்றிய பழைய சுவிச்சைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

"பொம்பிளையளுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்" என்று யாரும் சொன்னால் வாதாட வேண்டாம். மட்டம் பார்த்தீர்களா, வயர் பார்த்தீர்களா, அழுத்தம் அளந்தீர்களா என்ற மூன்று கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக் காரிலேயே வையுங்கள். விடை கிடைக்கும்வரை காசை எண்ணிக் கொடுக்காதீர்கள்.

வேலணைச் சகோதரியின் சங்கிலி அடகுக்குப் போகவில்லை. கார் மறுபடியும் குறிகட்டுவானுக்கு ஓடுகிறது.