கோபுரக் கதிர்வீச்சு: அளந்து அறிவித்திடுக!

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் தென்னந்தோப்புகளுக்கு மேலாகக் கைப்பேசிக் கோபுரங்கள் உயர்ந்து நிற்கின்றன. களியக்காவிளையில் மாநிலம் மாறுகிறது; அலைகளுக்கு எல்லை இல்லை. இருபுறத்து மக்களின் கேள்வியும் ஒன்றே: இந்த நுண்ணலைக் கதிர்வீச்சில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தால் உடலுக்குத் தீங்கு நேருமா?

கதிர்வீச்சு என்ற சொல் இப்பகுதியில் கூடங்குளத்தையும் மணவாளக்குறிச்சி மணலையும் நினைவூட்டும். ஆனால் அது வேறு, இது வேறு. அணுக்கதிர் உயிரணுவின் மூலக்கூறுகளைச் சிதைக்க வல்லது. நுண்ணலைக்கு அந்த ஆற்றல் இல்லை. மிகுந்த செறிவில் அது திசுக்களைச் சூடேற்றும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. சூடேற்றாத சிறு அளவு நெடுங்காலம் தொடர்ந்தால் என்னவாகும் என்பதே விவாதம்.

இவ்விவாதம் கைப்பேசிக்கு முந்தியது. நுண்ணலைக் கருவிகளுடன் பணியாற்றிய தொழிலாளரிடம் தலைவலி, சோர்வு, உறக்கமின்மை ஆகியவற்றைச் சோவியத் மருத்துவர்கள் பதிவுசெய்தனர். 1958-இல் சோவியத் ஒன்றியம் முழு வேலைநாளுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 10 மைக்ரோவாட் என வரம்பிட்டது. வெப்ப விளைவை மட்டுமே கருதிய அமெரிக்க வரம்போ அதைப்போல் ஆயிரம் மடங்கு.

2011-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இவ்வகை அலைகளை ‘புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உடையவை’ என்ற 2பி பிரிவில் வைத்தது. 2024-இல் அந்நிறுவனத்தின் வேண்டுகோளின்படி நடந்த ஆய்வுத் தொகுப்போ, கைப்பேசிப் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை. ஆக, கோபுரம் நோய் தரும் என்பது நிறுவப்படவில்லை. அதற்காக ஆய்வையும் கண்காணிப்பையும் கைவிட முடியாது.

இந்தியாவில் 2012 செப்டம்பர் 1 முதல் வரம்பு, பன்னாட்டு அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. வரவேற்கத்தக்கதே. ஆனால் அளப்பவர் யார்? நிறுவனங்கள் தாமே சான்றளிக்கின்றன. தொலைத்தொடர்புத் துறை ஒரு பகுதியை மட்டுமே சோதிக்கிறது. 2017-இல் தொடங்கிய ‘தரங் சஞ்சார்’ இணையதளத்தில், தன் வீட்டருகே அளவிடக் கோரும் குடிமகன் 4000 ரூபாய் கட்ட வேண்டும் என விதித்தார்கள். அன்றாடங்காய்ச்சிக்கு இது எட்டுமா? 2025 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த வழியுரிமை விதிகளோ, குறித்த காலத்தில் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்கின்றன. உள்ளாட்சியின் குரல் ஒடுங்குகிறது.

இன்னொன்றையும் மறவாதிருப்போம். கோபுரக் கதிர்வீச்சுக்கு மிக அருகில் நிற்பவர், ஆன்டெனாவைப் பழுதுபார்க்க ஏறும் ஒப்பந்தத் தொழிலாளி. கோபுரத்தின் அடியில் மின்தடையின்போது ஓடும் ஜெனரேட்டரின் டீசல் புகையை, அதே முகமை 2012-இல் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதற்பிரிவில் சேர்த்தது. காணாத அலைக்கு அஞ்சும் நாம் கண்முன் எழும் புகையைக் காணத் தவறலாகாது. கோபுரத்தை அகற்றுவது மட்டுமே தீர்வும் அன்று: சிக்னல் குன்றினால், காதோரக் கைப்பேசி கூடுதல் ஆற்றலுடன் அலையை வீசும்.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. ஒவ்வொரு கோபுரத்தையும் நிறுவனம் சாராத அமைப்பு ஆண்டுதோறும் கட்டணமின்றி அளக்க வேண்டும். முடிவைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் மலையாளத்திலும் தமிழிலும் எழுதி வைக்க வேண்டும். ஆள் ஏறும் வேளையில் ஒலிபரப்பை நிறுத்துவதும், அத்தொழிலாளருக்கு ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை நடத்துவதும் நிறுவனத்தின் கடமையாக வேண்டும். வீடுகளருகே டீசல் ஜெனரேட்டருக்கு மாற்று காண வேண்டும்.

வதந்தி மக்களை அச்சத்தில் ஆழ்த்தும். மௌனம் நிறுவனங்களுக்கு இலாபம் தரும். எல்லையின் இருபுறமும் உள்ள கட்சிக் கிளைகள், அறிவியலைக் கையிலேந்தி இக்கோரிக்கைகளைக் கிராம சபைகளுக்குக் கொண்டு செல்ல வேண்டும்.