பொட்டு வைத்து மறைத்த விளக்கு

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை துறையூரில் ஒரு காதுகுத்து. முடிந்ததும் தம்பி மகன் காரில் திருச்சிக்குத் திரும்பினேன். என்னை முன்சீட்டில் உட்கார வைத்தான். பின்னால் அவன் மனைவியும் ஐந்து வயதுப் பேத்தியும். சீட் பெல்ட்டை இழுத்து மாட்டப் போனால் மாட்டுகிற இடத்தில் ஏற்கெனவே ஒரு கிளிப் சொருகியிருக்கிறது. "அது சும்மா பெரியப்பா, பீப் பீப்னு கத்தாம இருக்க" என்றான். பிடுங்கி வைத்துவிட்டு பெல்ட் போட்டுக்கொண்டேன்.

புலிவலம் தாண்டியிருக்கும். ஸ்பீடாமீட்டர் பக்கத்தில் ஒரு கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருப்பதைக் கவனித்தேன். அதன் ஓரத்தில் மஞ்சள் வெளிச்சம் கசிந்தது.

"என்னப்பா இது?"

"எஞ்சின் லைட்டு பெரியப்பா. ஆறு மாசமா எரியுது. வண்டி நல்லாத்தான் ஓடுது. ராத்திரியில கண்ணை உறுத்துச்சு, அவ பொட்டு ஒண்ணை எடுத்து ஒட்டிட்டேன்."

வீட்டுக்கு வந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றி நாலு வரி எழுதினேன். சிரிக்கிற பொம்மைகள்தான் பதிலாக வந்தன. "சார் கிளாஸ் ஆரம்பிச்சுட்டாரு" என்றது ஒன்று. இன்னொன்று, "வண்டி ஓடுதுல்ல, அப்புறம் என்ன?" அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதில்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். 2012-இல் பி.எஃப். கடன் போட்டு ஒரு பழைய கார் வாங்கியிருந்தேன். கரூர் போகும் வழியில், குளித்தலைக்கு அப்புறம் எண்ணெய்க் கிண்டி மாதிரி ஒரு சிவப்புப் படம் மினுக்கியது. பிறகு நின்று எரிந்தது. எனக்கு அது என்னவென்று தெரியாது. "வண்டி ஓடுகிறதே, அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்" என்று எட்டு கிலோமீட்டர் போனேன். டக் டக் என்று சத்தம், அப்புறம் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. முந்தின வாரம் ஆயில் மாற்றியவர்கள் அடியில் இருக்கிற போல்ட்டைச் சரியாக முடுக்கவில்லை. வழியெல்லாம் ஆயில் வடிந்திருக்கிறது. விளக்கு எரிந்த இடத்திலேயே நிறுத்தியிருந்தால் ஒரு போல்ட்டும் ஒரு கேன் ஆயிலும்தான் செலவு. நிறுத்தாததால் 48,000 ரூபாய். போல்ட் அவர்கள் தப்பு. எட்டு கிலோமீட்டர் என் தப்பு.

அன்றைக்கு வண்டியைப் பிரித்தவன் என் பழைய மாணவன். ஐந்தாம் வகுப்பில் வாய்பாடு சொல்லத் தெரியாமல் என்னிடம் குட்டு வாங்கியவன். அவன்தான் எனக்கு இந்தப் பாடத்தை நடத்தினான். அதையே உங்களுக்குச் சொல்கிறேன்.

டிரைவிங் ஸ்கூலில் எனக்கு கிளட்ச், கியர், ரிவர்ஸ் எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். இந்த விளக்குகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உங்களில் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? இத்தனைக்கும் இது ஒன்றாம் வகுப்புப் பாடம், படம் பார்த்துச் சொல்வது. எந்த மொழிக்காரனுக்கும் புரிய வேண்டும் என்றுதான் ஐ.எஸ்.ஓ. 2575 என்ற உலகத் தரத்தில் இந்தப் படங்களை வகுத்து வைத்திருக்கிறார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூட வேண்டாம்.

முதலில் நிறம். பச்சையும் நீலமும் வெறும் தகவல். மஞ்சள் என்றால் சீக்கிரம் கவனி. சிவப்பு என்றால் ஓரங்கட்டி நிறுத்து. சிக்னலில் படித்ததேதான்.

சிவப்பு எண்ணெய்க் கிண்டி: ஆயில் எவ்வளவு இருக்கிறது என்பதை அது சொல்லவில்லை, ஆயிலின் அழுத்தம் போய்விட்டது என்கிறது. அழுத்தம் இல்லையென்றால் இரும்பும் இரும்பும் நேரடியாக உரசும். உடனே எஞ்சினை அணைக்க வேண்டும். ஒரு கிலோமீட்டர்கூடப் போகக் கூடாது.

சிவப்புத் தெர்மாமீட்டர்: எஞ்சின் கொதிக்கிறது. நிறுத்தி ஆறவிடுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கிற கொதிநீர் முகத்தில் பீறிடும்.

சிவப்பு பேட்டரி: பேட்டரி சார்ஜ் ஏறவில்லை. பெல்ட் அறுந்திருக்கலாம், ஆல்டர்னேட்டர் போயிருக்கலாம். பேட்டரியில் மிச்சம் இருக்கிற வரைதான் வண்டி.

வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி, சிவப்பில்: ஹேண்ட் பிரேக்கை இறக்கினீர்களா பாருங்கள். இறக்கியும் எரிந்தால் பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். அந்த வண்டியை ஓட்டாதீர்கள். மஞ்சளில் ஏ.பி.எஸ். மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் பிடிக்கும், ஆனால் அவசரத்தில் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கலாம். இரண்டும் சேர்ந்து எரிந்தால் நிறுத்திவிடுங்கள்.

பொட்டுக்கு அடியில் இருந்த மஞ்சள் எஞ்சின் படம்: நின்று எரிந்தால் இரண்டொரு நாளில் காட்டுங்கள். விட்டு விட்டு மினுக்கினால் எஞ்சினுக்குள் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். அதன் விலையைக் கேட்டால் உங்களுக்கே காய்ச்சல் வரும்.

"சார், அது சென்சார் கோளாறாத்தான் இருக்கும்" என்பீர்கள். இருக்கலாம். ஆனால் சென்சார் கெட்டிருக்கிறதா எஞ்சின் கெட்டிருக்கிறதா என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே உங்களுக்கு எப்படித் தெரிந்தது? ஸ்கேனரை மாட்டினால் சில நிமிடத்தில் சொல்லிவிடும்.

"லைட்டைக் காட்டிக் காட்டியே சர்வீஸில் பணம் பறிக்கிறார்கள்" என்பீர்கள். அதுவும் நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் யாரிடம் பறிக்கிறார்கள்? தெரியாதவனிடம். ஸ்கேனரில் பி 0420 என்பது போல ஒரு எண் வரும். அந்த எண்ணைக் காட்டச் சொல்லுங்கள், போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், வேறு ஒருவரிடமும் கேளுங்கள். விவரம் தெரிந்தவனிடம் கை வைக்க அவர்கள் யோசிப்பார்கள். பொட்டு ஒட்டியவனிடம் யோசிக்க மாட்டார்கள்.

அந்தக் கிளிப் விஷயத்துக்கு வருகிறேன். அதுதான் எனக்கு அதிகக் கோபம். 2019 ஜூலை 1 முதல் தயாராகிற கார்களில் முன்சீட்டுக்காரர்கள் பெல்ட் போடாவிட்டால் சத்தம் எழுப்ப வேண்டும் என்று விதி. அந்தச் சத்தத்தை அடக்கக் காசு கொடுத்துக் கிளிப் வாங்குகிறோம். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 5 ஆன்லைன் நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டு, 13,000-க்கும் மேற்பட்ட இடங்களில் விற்பனைக்கு வைத்திருந்த இந்தக் கிளிப்புகளை நீக்க வைத்தது. வாங்க ஆள் இல்லாமலா அவ்வளவு பேர் விற்றார்கள்? ஏர்பேக் இருக்கிறதே என்கிறீர்கள். பெல்ட் போட்டவனுக்காகத்தான் ஏர்பேக். பெல்ட் இல்லாமல் முன்னால் பாய்கிறவன் முகத்தில் அது அடியாகத்தான் விழும்.

என் மாணவன் சொன்ன இன்னொன்று இதைவிட முக்கியம். "சார், எரியிற லைட்டைப் பார்த்தா பாதி பயந்தாப் போதும். எரிய வேண்டிய லைட்டு எரியலைன்னா முழுசாப் பயப்படணும்." சாவியைப் போட்டதும், வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன், எச்சரிக்கை விளக்குகள் வரிசையாக எரிந்து காட்டும். சில விநாடியில் ஏர்பேக், ஏ.பி.எஸ். விளக்குகள் அணையும். ஸ்டார்ட் ஆனதும் ஆயில், பேட்டரி விளக்குகள் அணையும். 'நாங்கள் வேலை செய்கிறோம்' என்று அவை சொல்லும் ஆஜர் அது. அதில் ஒன்று வரவே இல்லையென்றால் யாரோ வயரைப் பிடுங்கியிருக்கலாம். விபத்தில் ஏர்பேக் வெடித்த வண்டியில், புதிதாக மாட்டாமல் மூடியை மட்டும் ஒட்டி, அந்த விளக்கையும் செத்துப்போக வைத்து விற்கிறவர்கள் உண்டு. பழைய கார் வாங்கப் போகும்போது பெயின்ட்டைத் தட்டிப் பார்ப்பதற்கு முன்னால் இந்த ஆஜரை எடுங்கள்.

முப்பத்து நான்கு வருடம் சிவப்பு மையில் எழுதியவன் நான். மதிப்பெண் அட்டையில் நான் போட்ட சிவப்புக் கோட்டை பிளேடால் சுரண்டிவிட்டு அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வந்த பையன்களை எனக்குத் தெரியும். சுரண்டியதால் ஒருவனுக்கும் கணக்கு வரவில்லை. அந்தப் பையன்களுக்கு வயது பத்து. நமக்கு?

நாளைக் காலையில் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். சாவியைப் போட்டு, ஸ்டார்ட் பண்ணாமல், எந்தெந்தப் படம் வருகிறது என்று பாருங்கள். தெரியாத படத்தை போனில் எடுத்து, வண்டியோடு வந்த கையேட்டில் தேடுங்கள். பெரும்பாலும் அது பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் டேஷ்போர்டுப் பெட்டிக்குள் இருக்கும். வெளியூர் போகும்போது சிவப்பு எரிந்தால், நான்கு பக்க இண்டிகேட்டரையும் போட்டு ஓரங்கட்டி, எல்லோரையும் இறக்கிச் சாலையை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள். தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் 1033-க்கு அழையுங்கள்.

தம்பி மகனே, நீயும் இதைப் படிப்பாய் என்று தெரியும். உன்னைச் சபையில் வைத்துத் திட்ட இதை எழுதவில்லை. பின்சீட்டில் அன்றைக்குத் தூங்கிக்கொண்டு வந்தவளை நினைத்து எழுதினேன். திங்கட்கிழமை வண்டியை ஷெட்டில் விடு. ஆகிற செலவில் பாதி நான் தருகிறேன். பொட்டை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடு.

அன்புடன்,
உங்கள் சார்