திரும்பி வந்தால் சீட் இருக்குமா?

ஊத்தங்கரைப் பக்கம் ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். சிங்காரப்பேட்டை, கல்லாவி, மத்தூர் என்று எந்த ஊரில் விசாரித்தாலும் இப்படி ஒருத்தன் இருப்பான். பி.ஏ. இரண்டாம் வருஷம் முடித்துவிட்டான். அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். பொங்கல் டோர்னமென்ட்டில் அவன் ரெய்டுக்குக் கோடு தாண்டினால் எதிர் டீம் தன்னால் இரண்டடி பின்வாங்கும். ஒரு நாள் புரோ கபடி அணி ஒன்றிலிருந்து போன் வருகிறது. ‘கேம்ப்புக்கு வந்துடு தம்பி. செலக்ட் ஆனா சீசன் முழுக்க எங்ககூடத்தான்.’

போவதா? இருந்து டிகிரியை முடிப்பதா?

அன்று ராத்திரி அந்த வீட்டில் யாரும் தூங்கப்போவதில்லை. ‘ரெண்டு வருசம் ஓட்டிட்ட, இன்னும் ஒரு வருசம் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படிச்சிரு சாமி’ என்பார் அம்மா. ‘டிகிரி முடிச்சவனெல்லாம் ஓசூர் கம்பெனியில நட்டு முடுக்கிட்டுத்தான் இருக்கான்க்கா. இவனை விடு, போகட்டும்’ என்பார் மாமா. அப்பா ஒன்றும் பேசாமல் பீடி பற்றவைப்பார். மறுநாள் டீக்கடையில் ஊரே தீர்ப்பு எழுதும்.

உங்களைக் கேட்டால்? நீங்கள் சொல்லப்போவதை நானே எழுதிவிடுகிறேன். ‘முதல்ல டிகிரியை முடிக்கட்டும் சார். அப்புறம் என்ன வேணா ஆடட்டும்.’

ரொம்பப் பொறுப்பான பதில். மன்னிக்கவும், ரொம்ப சோம்பேறித்தனமான பதிலும் இதுதான். கபடியில் ‘அப்புறம்’ என்று ஒன்று கிடையாது. இருபது வயசு முட்டியும் முப்பது வயசு முட்டியும் ஒன்றல்ல. பி.ஏ. வரலாற்றை நாற்பது வயசிலும் படிக்கலாம், பானிபட் அங்கேயேதான் இருக்கும். காத்திருக்கக்கூடியதை முதலில் முடி, காத்திருக்காததை அப்புறம் பார் என்பது என்ன நியாயம்?

இதைக் கேட்டவுடன் இன்னொரு கோஷ்டி கை தட்டும். ‘அப்படிச் சொல்லுங்க! கனவைத் துரத்தணும்! குகேஷைப் பாருங்க!’

பார்த்தேன். குகேஷ் நாலாம் வகுப்போடு வழக்கமான பள்ளிப் படிப்பை நிறுத்தினார். 2024 டிசம்பரில் 18 வயதில் உலக செஸ் சாம்பியன் ஆனார். நமக்கெல்லாம் பெருமை. ஆனால், அந்த வீட்டில் அப்பா காது-மூக்கு-தொண்டை சர்ஜன், அம்மா மைக்ரோபயாலஜிஸ்ட். பையனோடு ஊர் ஊராகப் போவதற்காக அப்பா தன் பிராக்டீஸையே குறைத்துக்கொண்டார். அந்தத் தியாகத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அந்தச் சூதாட்டத்துக்கு அடியில் கெட்டியான தரை இருந்தது என்று மட்டும் சொல்கிறேன். ஊத்தங்கரைப் பையன் விழுந்தால் அவனுக்கு அடியில் இருப்பது மானாவாரி நிலம்.

விழ மாட்டானா என்ன? பவன் ஷெராவத்தை 2022 ஏலத்தில் தமிழ் தலைவாஸ் 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தது. அதுவரை புரோ கபடியில் யாருக்கும் தராத விலை. முதல் மேட்ச்சிலேயே முட்டியில் அடி. ஜவ்வு போயிற்று, சீசனும் போயிற்று. அவர் பவன். மறு வருஷமே 2 கோடியே 60 லட்சத்துக்குத் தெலுங்கு டைட்டன்ஸ் எடுத்தது. அதே அடி நம் பையனுக்குப் பட்டிருந்தால்? 2025 ஏலத்தில் கடைசிப் பிரிவின் ஆரம்ப விலை 9 லட்சம். பெயர் தெரியாத 9 லட்சம் ரூபாய் முட்டிக்காக அடுத்த வருஷம் யார் காத்திருப்பார்கள்?

அடி படாவிட்டாலும் பெஞ்ச் இருக்கிறது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜனை ஐ.பி.எல்.லில் 2017-ல் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. ‘கூலி வேலை பார்த்தவர் மகன் கோடீஸ்வரன்’ என்று நாமெல்லாம் படித்தோம். அந்த சீசனில் 6 மேட்ச், 2 விக்கெட். அப்புறம் ஹைதராபாத் அணி. 2018, 2019 இரண்டு சீசனிலும் ஒரு மேட்ச்கூட ஆடவில்லை. 2020-ல்தான் 16 விக்கெட், அதே டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்தியத் தொப்பி. நாம் கடைசி வரியை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறோம். நடுவில் அவர் பெஞ்சில் உட்கார்ந்த இரண்டு வருஷத்தை மறந்துவிட்டோம். பத்தொன்பது வயசுப் பையனுக்கு அந்த இரண்டு வருஷம்தான் காலேஜ்.

ஆக, ‘போ’ என்பவர்களும் ‘இரு’ என்பவர்களும் பாதி உண்மைதான் பேசுகிறார்கள். ஏனென்றால் கேள்வியே தப்பு. எந்த மடையன் இதை ‘அதுவா, இதுவா’ என்று ஆக்கி வைத்தான் என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

காலண்டரைப் பாருங்கள். 2025-ல் புரோ கபடி ஆகஸ்ட் 29-ல் தொடங்கி அக்டோபர் 31-ல் முடிந்தது. அதற்கு முன்னால் கேம்ப் வேறு. நம் கல்லூரிகளில் அது முதல் செமஸ்டரின் நட்டநடு. நவம்பரில் பரீட்சை. பரீட்சை எழுத 75 சதவீதம் அட்டென்டன்ஸ் வேண்டும். கொஞ்சம் குறைந்தால் பணம் கட்டி எழுதலாம். ரொம்பக் குறைந்தால் ஹால் டிக்கெட் கிடையாது, அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். யுனிவர்சிட்டி டீமுக்கு ஆடப் போனால் ‘ஓ.டி.’ போட்டுக்கொடுப்பார்கள். லீக் ஆடப் போனால்? அது பிரின்சிபாலின் அன்றைய மூடைப் பொறுத்தது.

இத்தனைக்கும் அந்தப் பையனைக் காலேஜுக்குள் இழுத்து வந்ததே கபடிதான். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுக்கென்று 500 இடம் இருக்கிறது. கலைக் கல்லூரிகளிலும் விளையாட்டு கோட்டா உண்டு. தனியார் கல்லூரிகள் சில, ஃபீஸ் வேண்டாம், ஹாஸ்டல் இலவசம், எங்களுக்கு ஆடு என்று கூப்பிட்டுச் சேர்க்கின்றன. கோப்பை வந்தால் கேட் வாசலில் பத்தடி ஃப்ளெக்ஸ். அட்மிஷன் சீசன் முழுக்க அவன் சிரித்துக்கொண்டு நிற்பான். ஆக, உள்ளே வருவதற்குக் கோட்டா இருக்கிறது. போய்விட்டுத் திரும்பி வருவதற்கு மட்டும் கோட்டா கிடையாது!

அமெரிக்காவில் இதே கேள்வி வருஷா வருஷம் வரும். அவர்கள் ஃபுட்பால் என்று சொல்வது, கபடிக்கு ஹெல்மெட் மாட்டி நடுவில் ஒரு பந்தையும் போட்ட மாதிரி ஒரு ஆட்டம். அதில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன் குவார்ட்டர்பேக். கல்லூரி அணிகளில் ஆடும் நல்ல குவார்ட்டர்பேக், தொழில்முறை லீக்குக்குப் போவதா, இன்னும் ஒரு வருஷம் கல்லூரியிலேயே இருப்பதா என்று முடிவு செய்வதை நாடே டி.வி. முன்னால் உட்கார்ந்து பார்க்கும்.

தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மாட் லைனார்ட் என்று ஒருவர். 2005-லேயே போயிருந்தால் முதல் ஆளாக எடுத்திருப்பார்கள் என்று பேச்சு. இருந்தார். கடைசி செமஸ்டரில் அவருக்குப் பாக்கி இருந்தது ஒரே ஒரு பாடம், ஜோடி நடனம்! அடுத்த வருஷம் பத்தாவது ஆளாகத்தான் எடுத்தார்கள். ஸ்டான்ஃபோர்டில் ஆண்ட்ரூ லக் என்று இன்னொருவர். 2011-ல் முதலிடம் அவருக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் போகாமல் இருந்தார். கட்டட வடிவமைப்பில் பட்டம் வாங்கினார். 2012-ல் அதே முதலிடத்தில் எடுக்கப்பட்டார். ‘பாத்தீங்களா, டிகிரி முக்கியம்!’ என்று அவசரப்படாதீர்கள். கதை இன்னும் இருக்கிறது. அடி மேல் அடி வாங்கி 2019-ல் 29 வயசிலேயே ஆட்டத்தை விட்டார். அப்புறம்? ஸ்டான்ஃபோர்டுக்கே முதுகலை படிக்கத் திரும்பினார். 2024 நவம்பரில் அந்தப் பல்கலைக்கழக ஃபுட்பால் பிரிவின் பொது மேலாளராகவே அவரை நியமித்தார்கள்.

இருந்தவர்களில் ஒருவருக்கு லாபம், ஒருவருக்கு நஷ்டம். நான் கவனித்தது அதை அல்ல. லக் இருந்தபோதும், போனபோதும், உடம்பு நொந்து வந்தபோதும் கல்லூரிக் கதவு அவர் மூஞ்சியில் சாத்தப்படவில்லை.

அமெரிக்கக் கல்லூரிகள் தர்மப் பிரபுக்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பையன்களை வைத்துப் பல்லாண்டு காலம் கோடிகோடியாகச் சம்பாதித்துவிட்டு, அவர்களுக்குச் சம்பளம் என்று ஒரு டாலர்கூடத் தராமல் ‘நீ மாணவனப்பா’ என்று சொன்னவர்கள். கோர்ட் படி ஏறித்தான் வழிக்கு வந்தார்கள். 2021-லிருந்து மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025-ல் வந்த உடன்பாட்டின்படி ஒரு கல்லூரி வருஷத்துக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகவே தரலாம். நம்மூர்க் காலேஜ் சம்பளம் தர வேண்டாம். ஒரு நாற்காலியைக் காலியாக வைத்திருந்தால் போதும்.

இங்கே ஊத்தங்கரையைப் பற்றி ஒரு விஷயம். சென்னைவாசிகளுக்கு இந்த ஊர் எப்படித் தெரியும்? மார்க் மூலமாக. 2016 பிளஸ் டூ தேர்வில் 1200-க்கு 1195 வாங்கி மாநில முதலிடத்தைப் பகிர்ந்துகொண்ட இரண்டு பேருமே ஊத்தங்கரைப் பள்ளியில் படித்தவர்கள். மறு வருஷம் அரசாங்கம் ரேங்க் அறிவிப்பதையே நிறுத்திவிட்டது. ஆனால் நம் மனசிலிருந்து ரேங்க் போகவில்லை. தமிழ்நாடு முழுக்க இன்னமும் பி.டி. பீரியடைக் கடன் வாங்கிக் கணக்கு நடத்துகிறோம். மார்க் வாங்குகிறவனுக்கு ஹாஸ்டல், கோச்சிங், நைட் ஸ்டடி என்று ஒரு தொழிலே நடக்கிறது. மூச்சுப் பிடித்துப் பாடுகிறவனுக்கு மட்டும் ‘உன் தலையெழுத்தை நீயே முடிவு பண்ணிக்கோ.’

என்ன செய்யலாம்? பெரிதாக ஒன்றும் இல்லை. தொழில்முறை லீக்கில் ஒப்பந்தமான மாணவனுக்கு இரண்டு சீசன் வரை சீட்டை நிறுத்தி வையுங்கள். விட்ட பரீட்சையை அடுத்த முறை அரியர் கறை இல்லாமல் எழுத விடுங்கள். இதைப் பிரின்சிபாலின் கருணைக்கு விடாமல் பல்கலைக்கழக விதியாக எழுதி வையுங்கள். லீக்குகளுக்கும் ஒரு வேலை: கல்லூரிப் பையனை எடுத்தால், அடி பட்டு வெளியே வந்தாலும் வைத்தியச் செலவும் மிச்சப் படிப்பின் ஃபீஸும் உங்கள் கணக்கு என்று ஒப்பந்தத்திலேயே போடுங்கள். 2 கோடிக்கு ஒருவரை ஏலம் எடுக்கிறவர்களுக்கு பி.ஏ. ஃபீஸ் பாரமா?

மாமாவுக்கும் ஒரு வார்த்தை. டிகிரி சும்மா இல்லை மாமா. தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால், பட்டம் கேட்கும் வேலைக்குப் பட்டம் வேண்டும். ஆடி முடித்த உடம்புக்கு அந்தக் காகிதம்தான் நிழல்.

‘நடுவில் விட்டுப் போகிற பிள்ளை திரும்பி வராது’ என்பார்கள். 2020 தேசியக் கல்விக் கொள்கை, இடையில் போகலாம், பிறகு வரலாம் என்று சொன்னபோது தமிழ்நாட்டில் எழுந்த முக்கியமான எதிர்ப்பே அதுதான். நியாயமான பயம். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு வெளியே போகும் வழியை அகலமாகத் திறந்தால் கூட்டம் கூட்டமாக வெளியே போய்விடும். நானும் அந்தப் பயத்தின் கட்சிதான். ஆனால், எப்படியும் போகப்போகிறவனுக்குத் திரும்பும் வழியை அடைத்து வைப்பது அந்தப் பயத்துக்கு மருந்தல்ல.

இன்னொரு கேள்வியும் வரும். நீங்களே கேட்பீர்கள்: ‘கபடி ஆடறவனுக்கு மட்டும் என்ன சார் சலுகை? அப்பா படுத்துட்டாருன்னு படிப்பை விட்டுட்டு போச்சம்பள்ளி சிப்காட்டுல நைட் ஷிஃப்ட் பார்க்கிற பையனுக்கு?’

சபாஷ். அவனுக்கும்தான். இந்தப் பக்கத்தில் விடியற்காலை கம்பெனி வேனுக்காக நிற்கிற பிள்ளைகளில் பாதியில் காலேஜை விட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களை யாரும் ஏலம் எடுக்கவில்லை, டி.வி.யில் காட்டவில்லை. கபடிக்காரன் பெயரைச் சொல்லிக் கதவைத் திறந்தால், பின்னாலேயே அவர்களும் உள்ளே வரட்டும் என்பதுதான் என் ரகசியத் திட்டம்.

அதனால் உங்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். உங்கள் தெருவில், உங்கள் சொந்தத்தில் இப்படி ஒரு பையன் வந்து ‘என்ன பண்ணட்டும்ணா?’ என்று நின்றால் ‘போ’ என்றோ ‘இரு’ என்றோ சொல்லாதீர்கள். அவனையும் அவன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு நேரே காலேஜ் ஆபீஸுக்குப் போங்கள். கேட் வாசலில் அவன் ஃப்ளெக்ஸ் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும், அதைக் காட்டிக் கேளுங்கள்:

‘இந்தப் பையன் ரெண்டு வருசம் ஆடிட்டு வந்தா சீட் இருக்குமா? எழுதிக் கொடுங்க.’