'புஸ்ஸ்ஸ்' காபி... நுரை வரும் ரகசியமும், நாசிலில் ஒளிந்திருக்கும் ஆபத்தும்!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி... எந்த ஏரியா மண்டபமாக இருந்தாலும் ரிசப்ஷன் அன்று 'புஸ்ஸ்ஸ்' என்று சத்தம் வரும் மூலையில் கூட்டம் நிற்கும். அதுதான் எக்ஸ்பிரஸோ காபி ஸ்டால்!

இத்தாலியில் எஸ்பிரஸோ என்றால் பால் சேர்க்காத கறுப்புக் காபி. மிலானைச் சேர்ந்த லூய்ஜி பெட்ஸேரா 1901-ல் அதற்கான மெஷினுக்குக் காப்புரிமை கோரினார். நம் ஊரில் காபியைவிட, பாலை நுரைக்கவைக்கும் நீராவிக் குழாய்தான் ஹீரோ! இப்போது வீட்டு கிச்சனுக்கும் இந்த மெஷின் வந்துவிட்டது. ஆனால், 'நுரையே வரலை' என்பதுதான் பலரின் புகார்.

முதலில் காற்று... பிறகு சூடு!

ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த பாலை ஜக்கில் பாதிக்கும் குறைவாக ஊற்றுங்கள். நாசில் நுனி பாலின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். 'ஸ்ஸ்... ஸ்ஸ்...' என்று காகிதம் கிழிவது போன்ற சத்தம் வந்தால், காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம். சில விநாடிகளில் பால் லேசாக உப்பியதும், நுனியை இன்னும் கொஞ்சம் இறக்கி, ஜக்கைச் சாய்த்துப் பாலைச் சுழலவிடுங்கள். பெரிய குமிழிகள் உடைந்து, நுரை வெண்ணெய் போலாகும். 60 - 65 டிகிரியில் நிறுத்திவிட வேண்டும். அதாவது, ஜக்கைத் தொட்டால் கை பொறுக்காத சூடு. 70-ஐத் தாண்டினால் பாலின் இயல்பான இனிப்பு மறைந்து, காய்ந்த வாடை வரும்.

ஏற்கெனவே காய்ச்சிய சூடான பால் என்றால், காற்று சேர்வதற்குள்ளேயே கொதித்துவிடும்.

எந்தப் பால் நல்லது?

நுரையைத் தாங்குவது புரதம். வழுவழுப்பைத் தருவது கொழுப்பு. 3% கொழுப்புள்ள ஆவின் நீல பாக்கெட்டிலேயே நன்றாக நுரை வரும். 4.5% உள்ள பச்சை பாக்கெட்டில் சுவை கூடும். நீராவி குளிர்ந்து பாலில் கலப்பதால், 200 மில்லி பாலில் ஏறக்குறைய 20 மில்லி தண்ணீர் சேரும். அதனால் தனியாகத் தண்ணீர் கலக்க வேண்டாம்.

ஈரத்துணி கட்டாயம்!

நீராவியை நிறுத்தியதும் குழாய்க்குள் இருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்கும். அப்போது கொஞ்சம் பாலை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தப் பால் உள்ளேயே தங்கினால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். அடுத்த கப்பில் அதுவும் சேர்ந்தே வரும். எனவே, ஒவ்வொரு முறையும் நாசிலை ஈரத்துணியால் துடைத்து, ஓரிரு விநாடிகள் நீராவியை வெறுமனே திறந்துவிட வேண்டும்.

அப்போது கை ஜாக்கிரதை! ஒரு கிராம் நீராவி நீராக மாறும்போதே சுமார் 540 கலோரி வெப்பத்தை வெளியிடும். அதனால் வெந்நீரைவிட மோசமாகச் சுடும். குழந்தைகளை மெஷின் பக்கம் நிற்கவிடாதீர்கள். மண்டப ஸ்டாலுக்கும் இது பொருந்தும்.

அடுத்த ரிசப்ஷனில் கப்பை நீட்டும் முன், மாஸ்டர் நாசிலைத் துடைக்கிறாரா என்று ஒரு பார்வை பாருங்கள். துடைத்தால், தைரியமாக இன்னொரு கப்பும் கேட்கலாம்!