இயந்திரத்துக்குக் காவல் உண்டு, காற்றுக்கு?

காய்ச்சல் என்றால் வீட்டில் முதலில் தேடுவது தர்மாமீட்டரைத்தான். கண்ணாடிக் குழாயில் வெள்ளிக் கோடு போல ஏறி இறங்கும் பாதரசம் எத்தனையோ தாய்மாரின் வயிற்றில் பால் வார்த்திருக்கிறது!

அந்தத் தர்மாமீட்டர்களைச் செய்த தொழிற்சாலை ஒன்று கொடைக்கானலில் இருந்தது. அமெரிக்காவிலிருந்து இயந்திரங்களைக் கொண்டுவந்து பாண்ட்ஸ் கம்பெனியார் 1983-ம் ஆண்டில் தொடங்கியது அது. பின்னர் இந்துஸ்தான் லீவர் கம்பெனியின் கைக்கு வந்தது.

மூட்டை மூட்டையாக!

2001-ம் ஆண்டு மார்ச் மாதம் ஊரே திடுக்கிட்டது. மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் உடைந்த தர்மாமீட்டர் கண்ணாடி குவிந்து கிடந்தது. 7 டன்னுக்கும் மேல்! அதில் பாதரசமும் ஒட்டிக் கிடந்தது. ஊர் மக்களும் கிரீன்பீஸ் இயக்கத்தாரும் இதை வெளிக்கொண்டு வந்தார்கள். அதே மாதம் ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போயிற்று.

பாதரசம் ஆவியாவதற்கு அடுப்பு வேண்டியதில்லை. சாதாரணச் சூட்டிலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மூச்சோடு உள்ளே போய் நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும். கை நடுங்கும். இதை மூக்கால் கண்டுபிடிக்க முடியாது. கருவிதான் சொல்ல வேண்டும்.

இன்று கருவிகளுக்குப் பஞ்சம் இல்லை. மலை அடிவாரத்துத் திண்டுக்கல் சீமையில் நூற்பாலைகள் பல. இத்தகைய ஆலைகளுக்கு விற்பதற்கென்றே "கண்காணிப்பு சாப்ட்வேர்" வந்திருக்கிறது. இயந்திரத்தின் மேல் சிறு சென்சார்களைப் பொருத்துகிறார்கள். வைத்தியர் நாடி பார்ப்பது போல, அவை அதிர்வையும் சூட்டையும் பார்த்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். பேரிங் தேயும்போதே எச்சரிக்கை வந்துவிடும். நல்ல ஏற்பாடுதான்!

வாங்குமுன் கேளுங்கள்

ஐந்து இயந்திரத்துக்கு வாங்கியதை நாளை ஐம்பதுக்கு விரிக்க முடியுமா, அப்போது விலை எவ்வளவு ஏறும் என்றுதான் முதலாளிகள் முதலில் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் அதே கம்பியில் காற்றைச் சோதிக்கும் கருவியையும் இணைக்க முடியுமா என்று கேட்பவர் எத்தனை பேர்? இயந்திரம் நின்றால் அன்றே நஷ்டம் தெரியும். தொழிலாளியின் கை நடுங்க வருஷங்கள் ஆகலாம். அதனால்தான் இந்தக் கேள்வி விட்டுப்போகிறது போலும்!

வீட்டில் எண்ணெய் எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு செலவு, மீதி எங்கே என்று பார்க்கிறோம் அல்லவா? விஷப்பொருளைக் கையாளும் ஆலைக்கும் அந்தக் கணக்கு வேண்டும். சாப்ட்வேர் அதைத் தினமும் போட்டுக் காட்டலாம்.

பெரும் மாசு உண்டாக்கும் 17 வகைத் தொழில்கள் தங்கள் புகையையும் கழிவுநீரையும் இடைவிடாமல் அளந்து, அந்தக் கணக்கை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு நேரே அனுப்பவேண்டும் என்று மத்திய வாரியம் 2014-ல் உத்தரவிட்டது. அது புகைபோக்கிக்கும் சாக்கடை வாய்க்கும் காவல். பட்டறைக்குள் நிற்பவர் விடும் மூச்சுக்குத் தனிக் கருவி வேண்டும். அதுவும் கூரையில் அல்ல, அவர் நிற்கும் இடத்தில்!

பழைய கணக்கு யாரிடம்?

கொடைக்கானல் தொழிலாளர்கள் தங்கள் நோய்க்குப் பாதரசமே காரணம் என்றார்கள். கம்பெனி மறுத்தது. ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்து, 2016-ல் 591 பேர் தொடர்பாகச் சமரசம் ஏற்பட்டது. இப்படிப்பட்ட தகராறில் என்றோ அளந்த காற்றின் கணக்குத்தான் சாட்சி. ஆகவே சாப்ட்வேர் விற்பவர் கடையை மூடினாலும் கணக்கு நம் கையில் இருக்குமா, வேறு கம்ப்யூட்டரில் படிக்க வருமா, தொழிலாளர் கேட்டால் காட்டப்படுமா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.

கணக்கைக் காப்பது அப்படியொன்றும் முடியாத காரியமல்ல. அதே கொடைக்கானல் மலையில் சூரிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1904-ல் கண்ணாடித் தகட்டில் பிடிக்கத் தொடங்கிய சூரியப் படங்களை இன்றும் கம்ப்யூட்டரில் எடுத்துப் பார்க்கிறார்கள்.