மரப்பட்டை கழிவா, மூலப்பொருளா?

புளியங்குளம், மருதோடை, ஒதியமலை என்று மரங்களின் பெயரால் ஊர்களை வழங்கிய மண் வன்னி. பாலையும் முதிரையும் கருங்காலியும் அதன் காட்டுவளம். ஆயினும் அவ்வளத்தைப் பலகையின் அளவால் மட்டும் மதிப்பிடும் வழக்கமே இன்றும் நீடிக்கின்றது. மரம் அரியும் ஆலையில் ஒதுக்கப்படும் பட்டைக்கு அடுப்பன்றி வேறு கதியில்லை என்பது பலரது எண்ணம். தன் மண்ணில் விளைவதன் பெறுமதியைப் பிறர் வந்து கூறும்வரை காத்திருக்கும் மனப்பாங்கே இதற்குக் காரணம்.

பட்டை மரத்தின் காவலரண். பூச்சியையும் பூஞ்சணத்தையும் தடுக்கும் தனின்கள், அற்கலோயிட்டுகள் முதலியவற்றை மரம் அங்கே சேமிக்கின்றது. சிங்கோனாப் பட்டையிலிருந்து குயினைன் 1820இல் பிரித்தெடுக்கப்பட்டது. அமெரிக்காவின் மேற்குக் காடுகளில் மரம் வெட்டியோர் பசிபிக் யூ மரத்தைப் பயனற்றதெனக் குவித்து எரித்தனர். அதன் பட்டையிற் கிடைத்த தக்சோலின் கட்டமைப்பு 1971இல் வெளியாயிற்று. 1992இல் அது புற்றுநோய் மருந்தாக அங்கு அங்கீகரிக்கப்பட்டது. அதுவரை எத்துணை மருந்து புகையாய்ப் போயிற்று!

இத்தகைய ஆய்வு செல்வ நாடுகளுக்கே உரியது என்று கைகழுவுவோர் உளர். பட்டையை உலர்த்தி, அரைத்து, நீரிலோ நீர் கலந்த எதனோலிலோ ஊறவைத்து வடித்தெடுக்கப் பெருஞ்செல்வம் வேண்டுமா? வடிநீரிற் சில துளி பெரிக்குளோரைட்டு விட்டதும் தோன்றும் கருநீலமோ கரும்பச்சையோ தனினைக் காட்டிவிடும். இதற்குப் பாடசாலை ஆய்வுகூடமே போதும். சேர்வைகளைத் தனித்தனியே பிரித்து நச்சுத்தன்மையைச் சோதிப்பதற்கே உயர்ந்த கருவிகள் தேவை. ஆனையிறவு உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரீனும் ஆக்கிய பரந்தன் தொழிற்சாலை, போரினால் முடங்கும்வரை இயங்கியது இம்மண்ணிலேயே. இன்று கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழினுட்ப பீடங்கள் உள்ளன. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. இனியும் வசதியின்மையைச் சாட்டாகக் கூறுதல் பொருந்தாது.

மறுபுறம், இயற்கையானது யாவும் தீங்கற்றது என்னும் வணிகக் கூச்சலும் ஏற்கத்தக்கதன்று. முதிரைத் தூள் பட்டுத் தோல் அழற்சியுற்ற தச்சர்கள் அதன் வேதிப்பொருள்களின் வலுவை உடலால் அறிந்தவர்கள். உடலைத் தாக்கும் பொருளே சரியான அளவில் மருந்தாகலாம். அளவை ஆய்வே கூறவேண்டும், விளம்பரமன்று.

பட்டைக்கு விலை பிறந்தால் காட்டுக்கு ஆபத்து என்னும் அச்சமோ நியாயமானது. நிற்கும் மரத்தைச் சுற்றிப் பட்டையை உரித்தால் உணவு கடத்தும் உரியம் அறுந்து மரம் மடியும். யூ மரத்துக்கு நேர்ந்ததும் அதுவே. பின்னரே அதன் இனமரங்களின் இலையிலிருந்து மருந்தை ஆக்கும் வழி காணப்பட்டது. கள்ளத்தனமாக முதிரை வெட்டப்படும் வன்னியில் இவ்வெச்சரிக்கை இருமடங்கு வேண்டும். ஆகவே சட்டப்படி வெட்டப்பட்டு ஆலைக்கு வந்த மரத்தின் பட்டையை மட்டுமே கொள்ளல் வேண்டும். அதனைப் பூஞ்சணம் பற்றுமுன் இனவாரியாகப் பிரித்து உலர்த்தல் வேண்டும். பல மரங்களின் பட்டை கலந்த குவியலிலிருந்து நம்பத்தக்க முடிவு எதுவும் கிடையாது. இப்பிரிப்பை ஆலைத் தொழிலாளியே செய்வர். பட்டையைக் கண்டே மரத்தின் இனத்தைக் கூறவல்லவர் அவர். அவர்தம் அறிவுக்குரிய கூலியையும் மதிப்பையும் வழங்கி, ஆலைவாசலிலிருந்தே பல்கலைக்கழகங்கள் தம் ஆய்வைத் தொடங்கட்டும்.