டப்பா மாவு தேவையா?

ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குத் தாய்ப்பாலுடன் இணை உணவும் வேண்டும். அதற்காக விலை உயர்ந்த டப்பா மாவைத் தேடி அலைய வேண்டியதில்லை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு; தீட்டிய அரிசியிலோ சுமார் 10 மில்லிகிராம்தான்.

ஆனால் ஒரு சிக்கல். குழந்தையின் வயிறு சிறியது. கேழ்வரகுக் கூழோ கெட்டியாகிவிடும். நீர் விட்டு இளக்கினால் வயிறு நிறையும், சத்து சேராது. கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, இளஞ்சூட்டில் வறுத்து அரைக்க வேண்டும். முளைக்கும்போது உண்டாகும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைத்துக் கூழை இளக்குகிறது. அதே கிண்ணத்தில் கூடுதல் மாவு கொள்ளும். வறுத்த பாசிப்பயறும் நிலக்கடலையும் பொடித்துச் சேர்த்தால் புரதமும் கிட்டும்.

மிகவும் மெலிந்த குழந்தைக்கு மருத்துவரின் கவனிப்பும் தேவை. மாணவர்களே, நொதியைத் தேர்வுக்கு மட்டும் படிக்காமல், வீட்டுக் கூழ்க்கிண்ணம்வரை கொண்டு செல்லுங்கள்!